மூணு கோட்டு, ரெண்டரை குளிர்காலம், ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜ்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வீட்ல போய் "ஜாக்கெட் வாங்கணும்"னு மட்டும் சொல்லாதீங்க. 2023ல கனடா கிளம்பறப்ப எங்கம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன், அவங்க ஒரு நிமிஷம் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "யாருக்குடா, அளவு ஜாக்கெட் குடுத்துட்டாளா?"ன்னு கேட்டாங்க. நம்ம ஏரியால அதுக்குப் பேரு ஜெர்கின். பைக்ல போறவன் போடுறதும் ஜெர்கின், ஊட்டி டூருக்குப் போடுறதும் ஜெர்கின், மைனஸ் 20ல போடுறதும் ஜெர்கின்தான். பேரு ஒண்ணா இருக்கறதுலதான் வெனையே, கடைக்காரனும் நாமளும் ஒரே வார்த்தைய சொல்லிக்கினு வேற வேற பொருளப் பத்திப் பேசிக்கினு இருப்போம்.

இப்ப பொங்கலுக்கு லீவு போட்டு தண்டையார்பேட்டை வந்திருக்கேன். சித்தி பையனுக்கு ஒர்க் பர்மிட் வந்துருச்சு, பிப்ரவரி கடைசில டொரண்டோ கிளம்பறான். நான் வாசப்படி ஏறி பொட்டிய எறக்கக்கூட இல்ல, "ண்ணா, ஆன்லைன்ல ஒரு ஜெர்கின் பாத்து வெச்சிருக்கேன், மைனஸ் 30 தாங்குமாம், 2,499தான், போட்டுடவா?"ன்னு போன நீட்டறான். போடாதடா, கொஞ்சம் இருன்னு சொல்லி நிறுத்தி வெச்சேன். அவனுக்கு ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்ததத்தான் இங்க எழுதறேன், நான் என் துட்டுல வாங்கி உடம்புல போட்டுப் பாத்த மூணு கோட்டப் பத்தி. மூணும் இப்ப இங்க வீட்டுலயே இருக்கு, அதால ஒரு வேல பண்ணோம், அத பின்னால சொல்றேன்.

நம்மளுக்கு குளிருன்னா இன்னான்னே தெரியாது. மெட்ராஸ்ல இதுவரைக்கும் பதிவானதுலயே ரொம்பக் கம்மி 13.9 டிகிரி, அதுவும் 1905 ஜனவரில. நேத்து காலைல 22 டிகிரி இருந்துச்சு, அதுக்கே எங்கம்மா காதைச் சுத்தி துண்டக் கட்டிக்கினு கோலம் போடுறாங்க, என்னையும் "பனி எறங்குது, தலைய மூடு"ன்னு திட்றாங்க. எனக்குத் தெரிஞ்ச குளிர் அப்ப ரெண்டே ரெண்டு, ஒண்ணு வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் ஏசி, இன்னொண்ணு சின்ன வயசுல மாமாவுக்கு சோறு எடுத்துக்கினு போறப்ப காசிமேட்டு ஐஸ் பேக்டரி வாசல்ல கால்ல அடிக்கிற சில்லு. இத வெச்சிக்கினு குளிர் கோட்டு வாங்கப் போனா கடைக்காரன் சொல்றதுதான் வேதவாக்கு.

அப்படி வாங்கினதுதான் முதல் கோட்டு. ஈவினிங் பஜார் பக்கம் ஒரு கடை, பேரு வேணாம். 1,600 ரூபா. கருப்பு, உள்ள நல்லா மெத்துமெத்துன்னு பஞ்சு, கழுத்துல பஞ்சுமுட்டாய் மாதிரி முடி, கைல மைனஸ் 30ன்னு ஒரு அட்டை தொங்குது. கடைக்காரர் "இதப் போட்டுக்கினு இமயமலைல படுத்துத் தூங்கலாம் தம்பி"ன்னாரு. கடையில ஃபேன் ஓடியும் அத ஒரு நிமிஷம் போட்டு நின்னதுக்கே முதுகுல வேர்வை ஆறா ஓடிச்சு, அத பாத்து சரியான சாமான்தான்னு நானே முடிவு பண்ணேன். இதுதான் நம்ம ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு, 30 டிகிரில வேர்க்க வைக்கறதுக்கு ஒரு கோணிப்பை போதும். அந்த மைனஸ் 30 அட்டைக்கும் ஒரு அர்த்தமும் கிடையாது, கடைல விக்கற சாதாரண ஜெர்கினுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுன்னு ஒண்ணு இல்ல, ஒவ்வொருத்தனும் அவன் இஷ்டத்துக்கு அச்சடிக்கறான். வேலைக்குப் போடுற குளிர் உடுப்புக்கு மட்டும் ஐரோப்பால ஈஎன் 342ன்னு ஒரு தரம் இருக்கு, அத நம்ம ஜெர்கின்ல தேடினா கிடைக்காது.

ஆகஸ்ட்ல போய் எறங்கினேன், டொரண்டோல ஸ்கார்பரோன்ற ஏரியால ஒரு ஈழத்துக்கார அக்கா வீட்டு பேஸ்மென்ட்ல ரூம். அக்டோபர், நவம்பர் வரைக்கும் ஜெர்கின் நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோ புடிச்சு வீட்டுக்கு அனுப்பினேன், நைனா "ஹீரோ மாதிரி கீற"ன்னாரு. அக்கா மட்டும் ஒரு நாள் தொட்டுப் பாத்துட்டு "தம்பி, உது கோட் இல்லை, சட்டை"ன்னாங்க. நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன்.

2024 ஜனவரி நடுவுல தெரிஞ்சுச்சு. ஸ்கார்பரோல முன்ன ஒரு ரயில் லைன் ஓடிச்சு, 2023 ஜூலைல ஒரு பொட்டி தடம் புரண்டதுக்கு அப்புறம் மொத்தமா மூடிட்டாங்க, அதுக்குப் பதிலா பஸ்ஸு. பஸ்ஸுன்னா ஸ்டாப்ல நிக்கணும். அன்னைக்கு போன்ல மைனஸ் 10ன்னு காட்டுச்சு, மைனஸ் 10 தானேன்னு கிளம்பிட்டேன், காத்து மணிக்கு 30 கிலோமீட்டர் அடிக்குதுன்றத நான் பாக்கவே இல்ல. மைனஸ் 10ல அந்த வேகத்துக்கு காத்து அடிச்சா தோலுக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும், அங்க வானிலை சொல்றப்ப ரெண்டு நம்பரையும் சேத்துத்தான் சொல்றாங்க, நான் முதல் நம்பர மட்டும் பாத்தேன். பத்து நிமிஷத்துல இன்னா ஆச்சுன்னா, ஜெர்கின்ல கோடு கோடா தையல் போட்டிருக்கும் பாருங்க, அந்தத் தையல் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் காத்து ஊசி மாதிரி ஏறுது. உடம்புல எங்கெங்க தையல் இருக்குன்னு கண்ண மூடிக்கினே வரைஞ்சு காட்டலாம், அவ்ளோ துல்லியமா. ஜெர்கின் இடுப்போட நின்னுடுச்சு, அதால அதுக்குக் கீழ ரெண்டு தொடையும் மரக்கட்டை. ஜிப்புக்குப் பின்னால மூடற பட்டி கிடையாது, நடு நெஞ்சுல ஒரு கோடு மட்டும் ஐஸ் வெச்ச மாதிரி. கழுத்துல இருந்த முடி, நான் விட்ட மூச்சுல நனைஞ்சு உறைஞ்சு தாடைல குத்துது. பஸ் வந்தப்ப கார்டை எடுக்க விரல் மடங்கல, டிரைவர் பாத்துட்டு ஏறிக்கோன்னு கையக் காட்டிட்டாரு.

ஜெர்கினக் குத்தம் சொல்ல மாட்டேன். அது நம்ம ஊர் பைக் காத்துக்கு நல்ல சாமான். இந்தத் தடவ கொண்டாந்து நைனாகிட்ட குடுத்துட்டேன், விடியக்காலைல மூணு மணிக்கு மார்க்கெட் போறப்ப போட்டுக்கறாரு, ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

அந்த வாரக் கடைசிலயே ரெண்டாவது கோட்டு. அடிபட்டவன் பெருசா வாங்குவான் இல்ல, அந்த மாதிரி முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற நீளமான வாத்து இறகுக் கோட்டு. 180 டாலர், டொரண்டோ இருக்கற ஒண்டாரியோ மாகாணத்துல 13 சதவீதம் வரி, ஆகமொத்தம் 203 டாலர் 40 சென்ட், நம்ம காசுக்கு பன்னெண்டாயிரத்துக்கு மேல. ரூபாவா மாத்திப் பாத்து ரெண்டு நாள் தூங்கல.

இறகுன்னு சொன்னாலும் நீளமான காம்பு இறகு இல்ல, வாத்து நெஞ்சுல இறகுக்கு அடியில பஞ்சு மாதிரி இருக்கற தூவி. அதுல 600, 700, 800ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. ஒரு அவுன்ஸ் தூவி எத்தன கன அங்குலம் உப்பி நிக்குதுன்றதுதான் அந்த நம்பர். என்னுது 600. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி கிட்டத்தட்ட பத்து லிட்டர் பக்கெட்ட ரொப்பிடும். அவ்ளோ காத்த உள்ள புடிச்சு வெச்சிக்குது, சூடு குடுக்கறது தூவி இல்ல, அதுல மாட்டிக்கினு நகராம இருக்கற காத்துதான். ஆனா நம்பர் மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, உள்ள மொத்தம் எத்தன கிராம் வெச்சிருக்கான்றதும் வேணும். 800 நம்பர் போட்டு கைப்பிடி அளவு வெச்சு தெச்ச கோட்டும் இருக்கு, 550 போட்டு ரொப்பித் தள்ளின கோட்டும் இருக்கு, ரெண்டாவதுதான் குளிர் தாங்கும்.

சும்மா சொல்லக் கூடாது, வறண்ட குளிருக்கு அத அடிச்சிக்க ஆளில்ல. மைனஸ் 18ல ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றேன், மூக்கு மட்டும்தான் குளிருது, மத்ததெல்லாம் போர்வைக்குள்ள இருக்கற மாதிரி. அப்ப இன்னா குறைன்னு கேப்பீங்க. டொரண்டோ குளிர் ஒரே மாதிரி இருக்காது, அதான் குறை. காலைல மைனஸ் 6, மத்தியானம் பிளஸ் 3, சாயந்தரம் மழையும் பனியும் கலந்து சேறு மாதிரி ஒண்ணு விழும். 2024 மார்ச்ல ஒரு நாள் அந்தச் சேறுல முக்கால் மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து கழட்டினா கோட்டு பாதி சைஸ் ஆயிடுச்சு, தூவியெல்லாம் தையலுக்கும் தையலுக்கும் நடுவுல இருக்கற ஒவ்வொரு அறையோட அடில போய் உருண்டையா திரண்டுக்கிச்சு, தோள் பக்கம் புடிச்சா ரெண்டு துணி மட்டும்தான் கைக்கு வருது, நடுவுல ஒண்ணும் இல்ல. கோழிக்கடையில வெந்நீர்ல முக்கி எடுத்த கோழி வாடை வேற. அக்காவோட துணி காய வெக்கற மெஷின்ல கம்மி சூட்டுல ரெண்டு மணி நேரம் ஓட்டி, உள்ள மூணு டென்னிஸ் பந்தப் போட்டு, பந்து அடிச்சு அடிச்சுத்தான் தூவி திரும்ப உப்பிச்சு. இதே மாதிரி அந்த டிசம்பர்லயும் ஒரு தடவ ஆச்சு.

இன்னொரு பேஜாரு, வெளிய மைனஸ் 10, பஸ்ஸுக்குள்ள பிளஸ் 22. முட்டி வரைக்கும் மெத்தைய சுத்திக்கினு கூட்டத்துல நிக்கற, கழட்டவும் எடம் இல்ல, வேர்த்துக் கொட்டுது, எறங்கி வெளிய வந்தா அந்த வேர்வை அப்படியே முதுகுல ஐஸு. கழட்டினா முழுசா கழட்டணும், போட்டா முழுசா போடணும், நடுவுல ஒண்ணும் கிடையாது. எட்மண்டன், வின்னிபெக்னு கனடாலயே வறண்ட குளிர் ஊருக்குப் போறவங்க கண்ண மூடிக்கினு இந்த மாதிரி வாங்கலாம். டொரண்டோ, லண்டன், ஹாம்பர்க்னு ஈரக் குளிருக்குப் போறவங்க ஒரே ஒரு கோட்டுதான் வாங்க முடியும்னா இது வேணாம்.

ஒரு வார்த்தை நடுவுல. கனடா கூஸ்னு ஒரு கம்பெனி, 1957ல டொரண்டோல சின்னதா ஆரம்பிச்சது, கைல வட்ட பேட்ச் ஒட்டியிருக்கும், பார்க்கான்னு குல்லா வெச்ச கனமான கோட்டு, ஆயிரம் டாலருக்கு மேல. சாமான் நல்ல சாமான்தான்றாங்க. நம்ம பசங்க முதல் சம்பளத்துல அதத்தான் வாங்கணும்னு நிக்கறானுங்க, நான் போட்டதில்ல, அந்த வெலைக்கு அத மாட்டி வெக்க எனக்கு தைரியமும் இல்ல.

மூணாவது கோட்டு 2024 டிசம்பர் 26. கிறிஸ்மஸுக்கு மறுநாள், அன்னைக்கு பாக்ஸிங் டேன்னு பேரு, கடையெல்லாம் தள்ளுபடி, நம்ம ஊர்ல தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம எம்.சி. ரோட்ல எப்படி இருக்கும், காலு தரைல படாம கூட்டமே நம்மளத் தூக்கிக்கினு போவும்ல, அதே கதை, ஆனா யாரும் கத்த மாட்டாங்க. 240 போட்டிருந்தத 150க்குப் புடிச்சேன், வரியோட 169.50. கம்பெனி பேரு எழுதல, மாடல் வருஷா வருஷம் மாத்தறாங்க, நீங்க தேடினா கிடைக்காது. இன்னா பாத்து வாங்கினேன்றதுதான் உங்களுக்கு உபயோகம்.

இத த்ரீ இன் ஒன்னுன்றாங்க. வெளிய ஒரு ஓடு, உள்ள ஒரு மெத்தை, ரெண்டும் தனித்தனி ஜெர்கின், ஜிப்புல கோத்தா ஒண்ணு. ஓடுன்னா தேங்கா ஓடு மாதிரி, சூடு தராது, காத்தையும் தண்ணியையும் மட்டும் வெளிய நிறுத்தும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், ரெண்டு கோட்டுல 12,000 சொச்சமும் 1,600ம் விட்டதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. அக்டோபர்ல மழைக்கு ஓடு மட்டும். நவம்பர்ல மழை இல்லாத நாளுக்கு மெத்தை மட்டும். ஜனவரில ரெண்டும். மைனஸ் 20 ஆச்சுன்னா உள்ள கூட ஒரு ஸ்வெட்டர். பஸ்ல வேர்த்தா ஜிப்ப மட்டும் எறக்கிக்கலாம்.

ஓட்டுல 10,000ன்னு போட்டிருந்துச்சு, அது மில்லிமீட்டர்ல தண்ணி தாங்கற கணக்கு, மேல பத்து மீட்டர் ஒசரத்துக்கு தண்ணி நின்னாலும் அந்த அழுத்தத்துல துணிக்குள்ள எறங்காதுன்னு அர்த்தம். ஆனா துணி தாங்கினா போதாது, தையல உள்பக்கம் திருப்பிப் பாருங்க, தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும், இல்லன்னா என் முதல் கோட்டு கதைதான். உள் மெத்தை இறகு இல்ல, செயற்கைப் பஞ்சு. இறகு அளவுக்கு சூடு இல்ல, ஒரே சூட்டுக்கு கொஞ்சம் கனமும் கூட, ஆனா நனைஞ்சாலும் முழுசா சாகாது, புழிஞ்சு போட்டா ராத்திரில காஞ்சிடும்.

நீளம் நடுத்தொடை வரைக்கும். இது முக்கியம், உக்காந்தா பின்பக்கம் மூடணும், அதே சமயம் பஸ் படி ஏற முட்டி தடுக்கக் கூடாது. ஜிப்பு ரெண்டு பக்கமும் தொறக்கறது, கீழ இருந்தும் ஏத்தலாம், சீட்ல உக்காரறப்ப வயித்துகிட்ட உப்பிக்கினு மூஞ்சில முட்டாது. குல்லா தலையோட சேந்து திரும்பணும், போட்டுக்கினு கழுத்தத் திருப்பிப் பாருங்க, குல்லா அப்படியே நின்னு உங்க ஒரு கண்ண மூடிச்சுன்னா ரோடு கிராஸ் பண்றப்ப கார் தெரியாது. கோட்டுக் கைக்குள்ள இன்னொரு பின்னல் கை, கட்டைவிரல் விடற ஓட்டையோட. இந்த ஒண்ணு இல்லாமதான் ரெண்டாவது கோட்டுல கைவழியா காத்து தோள் வரைக்கும் ஏறும்.

2025 பிப்ரவரில ஒரே வாரத்துல ரெண்டு பனிப்புயல் அடிச்சுது டொரண்டோல, நடைபாதைல இடுப்பளவு குவிச்சு வெச்சிருந்தாங்க. அக்கா வீட்டு வாசல நான்தான் மண்வெட்டி போட்டேன், ரெண்டு மணி நேரம். அப்ப மெத்தையக் கழட்டிட்டு ஓடு, அதுக்கடில ஒரு ஸ்வெட்டர், அவ்ளோதான், அளவா இருந்துச்சு. முடிச்சிட்டு உள்ள போய் மெத்தைய மாட்டிக்கினு டீ குடிக்க கெளம்பிட்டேன்.

குறை இல்லாம இல்ல. ரெண்டும் சேந்தா கனம், ஒன்றரை கிலோவுக்கு மேல வரும், சாயந்தரத்துல தோள் வலிக்கும். நடந்தா சரக்கு சரக்குன்னு சத்தம், லைப்ரரில எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உள்ள கோக்கற ஜிப்பு ஒரு பக்கம் மாட்டி மறு பக்கம் மாட்டறதுக்குள்ள பஸ் போய்டும், அதால ராத்திரியே வானிலை பாத்து கோத்து வெச்சிடணும். மேல் துணில தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடினது ஒரு வருஷத்துல கொறஞ்சிடுச்சு, துவைச்சு மெஷின்ல லேசா சூடு காட்டினா கொஞ்சம் திரும்ப வருது. பனி கரையறதுக்கு ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அது கீழ் ஓரத்துல வெள்ளையா படியும், நம்ம காசிமேட்டுக்காரனுக்கு அது புதுசில்ல, ஈரத்துணில தொடச்சா போயிடும். பெரிய எரிச்சல் ஜிப்புதான். நாக்கு நகம் அளவு, கையுறை போட்ட விரல்ல புடிபடவே படாது, ஒவ்வொரு தடவையும் கையுறையக் கழட்டு, ஜிப்பப் போடு, கையுறைய மாட்டு.

இப்ப அந்த டெஸ்ட். பெரிய மாமா மீன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல கோல்டு ஸ்டோரேஜ்ல 19 வருஷமா இருக்காரு. நம்ம தெருவுல குளிர் தெரிஞ்ச ஒரே ஆளு. 2023ல ஜெர்கின் வாங்கிட்டு வந்து காட்டினப்பவே "எத்துக்குனு வந்து உள்ள நில்லுடா, தெரிஞ்சிரும்"ன்னாரு, நான் கண்டுக்கல. இந்தத் தடவ சித்தி பையன் போட்ட தொல்லைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம்னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் விட்டாரு. வாசல்ல பிளாஸ்டிக் பட்டை தொங்கும், அத ஒதுக்கிட்டு உள்ள போனா மைனஸ் 19 போர்டுல செவப்பா எரியுது, இறால் அட்டைப்பொட்டி கூரை வரைக்கும், பொட்டி மேல எல்லாம் சக்கரை தூவின மாதிரி பனி. பையன் மூக்குல இருந்து புகை வர்றதப் பாத்து போன எடுத்தான், ரெண்டு நிமிஷத்துல போன் ஆஃப் ஆயிடுச்சு. குளிர்ல பேட்டரி அப்படித்தான் படுத்துடும், போன உள்பாக்கெட்ல வெக்கணும்னு அப்பவே கத்துக்கிட்டான்.

முதல்ல ஜெர்கின். சும்மா நின்னா அஞ்சு நிமிஷம் தாங்கிட்டான், "ண்ணா இது போதுமே"ன்னான். மாமா அவன் தோளப் புடிச்சு இழுத்துக்கினு போய் மேல ஓடுற பெரிய ஃபேனுக்கு நேரா நிறுத்தினாரு. ஒரு நிமிஷம். "ண்ணா, தையல் தையல்"ன்னு கத்தறான். நான் ஸ்கார்பரோ பஸ் ஸ்டாப்ல பட்டத இவன் காசிமேட்டுலயே பட்டுட்டான், டிக்கெட் செலவில்லாம.

அப்புறம் இறகுக் கோட்டு. ஃபேனுக்கு நேரா பத்து நிமிஷம் நின்னு பல்லக் காட்டிக்கினு இருந்தான், இதான் வேணும்னான். மாமா பேசல, "அந்தப் பொட்டிய இங்க வையி"ன்னாரு. பத்து கிலோ பொட்டி, அஞ்சு தடவ இங்கிருந்து அங்க. மூணாவது தடவையே நெத்தில வேர்வை. முடிச்சதும் திரும்ப ஃபேனுக்கு முன்னாடி நிறுத்திட்டாரு. ரெண்டு நிமிஷம் கழிச்சு பையன் மூஞ்சி மாறிடுச்சு, முதுகுல யாரோ ஈரத்துணி போட்ட மாதிரி இருக்குன்றான். "குளிரு உன்ன ஒண்ணும் பண்ணாதுடா. வேர்த்துட்டு நின்ன பாரு, அப்பதான் கீது"ன்னாரு மாமா. அவரு போட்டிருந்த கம்பெனி கோட்டு பழசு, ஆனா வேல பாக்கறப்ப பட்டன் எல்லாம் தொறந்தே வெச்சிருக்காரு, நின்னா மூடிக்கறாரு. 19 வருஷமா பண்றது அது ஒண்ணுதானாம்.

மூணாவதுக்கு வேற விதமா பண்ணான், பொட்டி தூக்கறப்ப மெத்தையக் கழட்டி வெச்சிட்டு ஓடு மட்டும், நிக்கறப்ப மெத்தைய மாட்டிக்கிட்டான். வேர்க்கவும் இல்ல, நடுங்கவும் இல்ல. ஓட்ட மட்டும் போட்டுக்கினு சும்மா நின்னா நாலு நிமிஷம்தான் தாங்குது, அதையும் சொல்லணும். மாமா என் கோட்டத் தடவிப் பாத்தாரு, ஜிப்புல கைய வெச்சாரு, அவரு கையுறைல அது சிக்கல. "இன்னாடா, இவ்ளோ துட்டு வாங்கிக்கினு நாக்கு வெக்கலயா"ன்னு கேட்டுட்டு வெளிய வந்து, வலை பின்ற பச்சை நைலான் நூல ரெண்டா மடிச்சு ஜிப்பு ஓட்டைல விட்டு, வலைக்குப் போடுற முடிச்சுல ரெண்டு போட்டு, நுனிய பீடி நெருப்புல பொசுக்கிக் குடுத்தாரு. விரல் நீளத்துக்குத் தொங்குது. ஒரு வருஷ எரிச்சல் அரை நிமிஷத்துல போச்சு.

கடைசியா பையன எம்.சி. ரோடு கூட்டிக்கினு போனேன், இங்க வாங்கக் கூடியத மட்டும் வாங்க. உள்ள போடுற தெர்மல் ரெண்டு செட்டு, ஆனா பருத்தி வேணாம்னு சொல்லி பாலியஸ்டர் கலந்தது பாத்து எடுத்தோம், பருத்தி வேர்வைய குடிச்சிட்டு காயாம ஒட்டிக்கினு கிடக்கும். கடைக்காரரு "பருத்திதான் சார் உடம்புக்கு நல்லது"ன்னு அடிச்சு சொன்னாரு, நம்ம வெயிலுக்கு அவரு சொல்றது சரிதான். திபெத்துக்காரங்க குளிர் சீசன்ல வந்து லூதியானா ஸ்வெட்டர் விப்பாங்கல்ல, அவங்ககிட்ட ஒரு கம்பளி ஸ்வெட்டர், லேபிள உள்ள திருப்பி அக்ரிலிக்கா கம்பளியான்னு பாத்து. சாக்ஸ் நாலு. மங்கி குல்லா சித்தி வாங்கிட்டாங்க, போட மாட்டேன்றான், போடுவான். கையுறை, பூட்ஸ், கோட்டு மூணும் அங்க எறங்கி வாங்கிக்கோன்னு சொல்லிட்டேன். அவன் போறது பிப்ரவரி கடைசி, மார்ச்ல குளிர் சாமான் எல்லாம் தள்ளுபடிக்கு வந்துடும், பழைய துணிக் கடையிலயும் பத்து இருபது டாலருக்கு நல்ல கோட்டு தொங்கும். அதுவரைக்கும் என் இறகுக் கோட்டப் போட்டுக்கட்டும், அதான் இந்தத் தடவ தூக்கிக்கினு வந்தேன்.

அத நான் பொட்டில இருந்து எடுத்து கொடில போட்டேன், மறுநாள் பாத்தா அம்மா நாலா மடிச்சு டிரங்கு பொட்டில அடைச்சு, மேல பட்டுப்புடவை அடுக்கி, பாச்சா உருண்டை ஆறு போட்டு பூட்டிட்டாங்க. இறகு அழுத்தி வெச்சா செத்துடும், தொங்க விடணும். வெளிய எடுத்து உதறினா உப்பறதுக்கு ஒரு நாள் ஆச்சு, பாச்சா உருண்டை வாடை இன்னும் போகல. இங்க தண்ணில முக்காதீங்க, இந்த ஊர் ஈரக் காத்துல உள்ள காயவே காயாது.

வாங்கறப்ப அளவு பாக்கறது பத்தி ஒண்ணு விட்டுட்டேன், அடில ஸ்வெட்டர் போட்டுக்கினு போய் போட்டுப் பாருங்க, ரெண்டு கையையும் தூக்கி பஸ் கம்பி புடிக்கற மாதிரி நில்லுங்க, இடுப்பு வெளிய தெரிஞ்சா ஒரு சைஸ் பெருசா எடுங்க. ஏர்போர்ட்டுக்கு கோட்ட பொட்டில வெக்காதீங்க, ரெண்டு கிலோ எடை மிச்சம், கைல எடுத்துக்கோங்க. மீனம்பாக்கத்துல போட்டுக்கினு நிக்காதீங்க, நான் நின்னேன், செக்யூரிட்டிகாரரு உடம்பு சரியில்லயான்னு கேட்டாரு.

என் கோட்டு இப்ப மொட்டை மாடில கொடில காயுது. கோல்டு ஸ்டோரேஜுல இருந்து வந்ததுல இருந்து ஓட்டுல, மெத்தைல, பச்சை நூல் முடிச்சு வரைக்கும் இறால் கவுச்சி. ரெண்டு நாளா வெயில், எதிர் வீட்டுப் பூனை ரெண்டு கீழயே உக்காந்துக்கினு இருக்கு. வியாழக்கிழம ஃபிளைட்டு, பக்கத்து சீட்டுக்காரர நெனச்சாத்தான் பாவமா இருக்கு.